மாலை மணி அடித்ததும் ஒர்க்ஷாப்புக்குப் பூட்டு! இது நியாயமா?

பஸ் டெப்போ ராத்திரி தூங்குமா?

தூங்காது. நாகர்கோவில் ராணித்தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பகல் முழுவதும் ஓடிக் களைத்த பஸ்கள் ராத்திரிதான் வந்து நிற்கும். பிரேக் பார்ப்பது, டயர் மாற்றுவது, என்ஜினைத் தட்டிக் கேட்பது எல்லாம் அப்புறம்தான். அந்த ராத்திரி வேலை நடந்தால்தான் காலையில் நீங்கள் ஆபீசுக்குப் போக முடியும்.

தோவாளையில் விடியும் முன்பே பூ வியாபாரம். ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு பால்வெட்டு. குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவருக்கு நேரம் காலம் கிடையாது.

இந்தக் குமரி மாவட்டத்தில் மாலை 4½ மணியோடு வேலையை முடித்துக் கொண்டு படுத்துவிடுகிற இயந்திரம் ஒன்றே ஒன்றுதான்.

அது, கல்லூரி ஒர்க்ஷாப்பில் இருக்கிற லேத்!

கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை

நம் மாவட்டத்தில் பொறியியல் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. கோணத்தில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி உண்டு. அரசு பாலிடெக்னிக் உண்டு. அரசு ஐ.டி.ஐ. உண்டு. சுங்கான்கடையில் ஒன்று, குமாரகோவிலில் ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

எல்லா இடத்திலும் ஒர்க்ஷாப் உண்டு. லேத் உண்டு. டிரில்லிங் மிஷின் உண்டு. வெல்டிங் செட் உண்டு. நம் பிள்ளைகள் கட்டுகிற பீசில் வாங்கியவை, அல்லது நம் வரிப்பணத்தில் வாங்கியவை.

ஆனால் அவை எந்த நேரம் ஓடுகின்றன?

காலை 9 மணிக்கு வகுப்பு ஆரம்பம். மாலை 4, 4½ மணி வரை ஒன்று மாற்றி ஒன்று பாடம். பிராக்டிகல் முறை வரும் நாளில் மட்டும் மிஷின் பக்கம் போகலாம். அப்போதும் ஒரு லேத்தைச் சுற்றிப் பல பேர். கடைசி மணி அடித்ததும் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்துவிடுவார்.

லேத் சும்மா நிற்கிற நேரம் மாணவனுக்கு வகுப்பு. மாணவன் சும்மா இருக்கிற நேரம் லேத்துக்குப் பூட்டு!

எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்லத் தேவையில்லை. அங்கே படிக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

டீம் என்றால் என்ன?

"பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினால் போதாதா? ராத்திரி ஒர்க்ஷாப்பில் என்ன வேலை?" என்று சில பெற்றோர் கேட்கலாம்.

கேள்வி நியாயம்தான். பதிலையும் கேளுங்கள்.

இப்போது பொறியியல் மாணவர்கள் டீம் டீமாகச் சேர்ந்து கார் செய்கிறார்கள். டிரோன் செய்கிறார்கள். ரோபோ செய்கிறார்கள். அவற்றுக்கு அகில இந்தியப் போட்டிகள் நடக்கின்றன.

'பாஜா' என்று ஒரு போட்டி. 2007 முதல் இந்தியாவில் நடக்கிறது. ஒற்றை ஆள் உட்கார்ந்து மேடு பள்ளத்தில் ஓட்டுகிற வண்டியை மாணவர்களே வரைந்து, மாணவர்களே செய்து, மாணவர்களே ஓட்டிக் காட்ட வேண்டும். 'பார்முலா பாரத்' என்று இன்னொன்று. அது பந்தயக் கார். கோவையை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்துகிறார்கள்.

அங்கே வண்டியின் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. "இந்தக் குழாயை ஏன் இங்கே பற்ற வைத்தாய்? இந்த அளவு ஏன்? எடை ஏன் கூடிப்போச்சு?" என்று மாணவர்களை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். சொந்தக் கையால் செய்தவனுக்குத்தான் பதில் வரும்.

இது பீரியட் மணிக்குள் அடங்குகிற வேலையா? ஒரு சட்டத்தைப் பற்ற வைத்து, ஆறவைத்து, அளந்து பார்த்து, கோணல் என்றால் அறுத்து மறுபடி பற்ற வைக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் துணியை விரித்துக் கருவிகளை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும்!

வானத்தில் நம்மூர்ப் பெயர்

இதெல்லாம் கோவைக்கும் சென்னைக்கும் சரி, நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா?

2017-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதியை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-38 ராக்கெட் கிளம்பியது. உள்ளே 31 செயற்கைக்கோள்கள். பெரியது கார்ட்டோசாட். அதோடு 14 நாடுகளைச் சேர்ந்த 29 செயற்கைக்கோள்கள்.

மீதி ஒன்று?

குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 'நியூசாட்'! எடை 15 கிலோ. பயிர் நிலவரத்தையும் பேரிடர் நிலவரத்தையும் படம் பிடித்து அனுப்புவதற்காகச் செய்தது. அதனுடன் பேசுவதற்கு ஆன்டெனாக்களும் கட்டுப்பாட்டு நிலையமும் அந்த வளாகத்திலேயே அமைத்தார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்த வகைச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருகிற நேரம் கல்லூரி மணியைப் பார்த்து வராது. பகலிலும் வரும், ராத்திரியும் வரும். வந்தால் சில நிமிடம்தான். அந்த நேரம் கதவு பூட்டிக் கிடந்தால் யாரோடு பேசும்? வாட்ச்மேனோடா?

நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் விவசாயி வீட்டில் பிறந்த கே.சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்தார். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி.நாராயணனும் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். அவர் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ!

இந்த இருவர் பெயரையும் ஆண்டு விழா மேடையில் சொல்லிக் கை தட்டுகிறோம். விழா முடிந்ததும் ஒர்க்ஷாப்பைப் பூட்டிவிடுகிறோம். இது என்ன கூத்து?

பூட்டினால் பாதுகாப்பா?

நிர்வாகத்தின் பதில் ஒன்றுதான்: "ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?"

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. லேத் விளையாட்டுச் சாமான் அல்ல. சட்டைக் கையைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

ஆனால் பூட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

போட்டி நாள் நெருங்குகிறது. வண்டி முடியவில்லை. கல்லூரிக் கதவு பூட்டு. பையன் என்ன செய்வான்? குழாயைப் பைக்கில் கட்டிக்கொண்டு டவுனில் லேத் பட்டறையைத் தேடிப் போவான்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு வயிற்றுப்பாடு உண்டு. தன் வேலையை விட்டுவிட்டு இவனுக்குப் பாடம் நடத்த முடியுமா? "கொடுத்துட்டுப் போடே, நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்பார். வேலை முடியும். காசும் போகும். பையன் கற்றுக் கொண்டது என்ன? பில் கொடுக்கக் கற்றுக் கொண்டான்!

கையில் காசு இல்லாத பையன் இன்னும் மோசம். வாடகைக்குக் கட்டிங் மிஷின் எடுத்துவந்து வாடகை வீட்டு மொட்டை மாடியில் இரும்பை அறுப்பான். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. பக்கத்தில் பெரியவர் இல்லை. எர்த் கம்பி இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை.

கல்லூரி தன் கதவைப் பூட்டியதால் ஆபத்து போய்விடவில்லை. தெருவுக்குப் போயிருக்கிறது! கல்லூரியின் கணக்கில் வராது என்பது மட்டும்தான் லாபம். பெற்றவர் கணக்கில் வருமே?

அமெரிக்காவில் நடந்தது

2011 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு துக்கம் நடந்தது. உலகப் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம். 22 வயது மாணவி. இயற்பியல் படித்தவர். ராத்திரி வெகுநேரம் ஒர்க்ஷாப்பில் தனியாக லேத்தில் வேலை செய்து கொண்டிருந்தார். தலைமுடி லேத்தில் சிக்கியது. உயிர் போய்விட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அந்த நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை வந்து விசாரித்தது. லேத் பழையது, போதிய தடுப்பு இல்லை என்று குறை சொன்னது.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? ஒர்க்ஷாப்பை நிரந்தரமாக இழுத்து மூடியதா? இல்லை. மாணவர் வேலை செய்ய நேரம் வரையறுத்தது. அந்த நேரம் முழுவதும் கண்காணிக்க ஆள் இருக்க வேண்டும் என்று விதி செய்தது.

இதுதான் பாடம். அந்தப் பெண்ணைக் கொன்றது திறந்த கதவு அல்ல. தனிமை! பக்கத்தில் ஒருவர் நின்று சுவிட்சை அணைத்திருந்தால்?

ஆள் இல்லாமல் திறப்பது ஆபத்து. ஆளோடு திறப்பது படிப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

நல்ல ஆசிரியரின் தலையில்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கும் சில நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். "சரி, எட்டு மணி வரைக்கும் நான் நிற்கேன், வேலையை முடியுங்க" என்று தன் வீட்டு வேலையை விட்டு நிற்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு சபாஷ்!

ஆனால் அது அவர்கள் தயவு. விதி அல்ல. கூடுதல் சம்பளம் கிடையாது. எழுத்தில் அனுமதி கிடையாது. ஒரு விரல் வெட்டுப்பட்டால் அத்தனை பேரும் அவரைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு நல்லது செய்ததற்கு மெமோவா பரிசு? அவர் மாற்றலாகிப் போனால் மறுநாளே பூட்டு. தயவில் நடக்கிற காரியம் எத்தனை நாள் நடக்கும்?

சென்னையில் முடிகிறதே!

சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்களுக்கென்றே ஒரு கண்டுபிடிப்பு மையம் 2008-ல் ஆரம்பமானது. 1981-ல் படித்து வெளியேறிய பழைய மாணவர்கள் பணம் கொடுத்தார்கள். ராத்திரி பகல் என்று பாராமல் மாணவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அங்கே உருவான ஒரு டீம் 2019-ல் அமெரிக்காவில் நடந்த 'ஹைப்பர்லூப்' போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது. ஆசியாவில் இருந்து போன ஒரே டீம் அதுதான்.

"ஐ.ஐ.டி.க்குப் பணம் உண்டு, நமக்கு ஏது?" என்று சொல்ல வேண்டாம். புதுக் கட்டிடம் கேட்கவில்லை. புது மிஷினும் கேட்கவில்லை. வாங்கி வைத்த மிஷினை இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டத்தான் கேட்கிறோம். கரன்ட் பில்லும் ஒரு போர்மேன் சம்பளமும்தான் செலவு.

மத்திய அரசு நடத்துகிற 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' போட்டியில் மாணவர்கள் தொடர்ந்து 36 மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அந்த 36 மணி நேரமும் போட்டி நடக்கிற கல்லூரி விழித்திருக்கிறது. விளக்கு எரிகிறது. டீ வருகிறது. டெல்லி சொன்னால் விடிய விடியத் திறக்கிற கதவு, சொந்த மாணவன் கேட்டால் மூன்று மணி நேரம் திறக்காதா?

மாநில அரசும் 2023-24 பட்ஜெட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க ரூ.2,877 கோடித் திட்டம் என்று சொன்னது. கம்ப்யூட்டர் லேத், ரோபோ என்று லட்ச லட்சமாகப் போட்டு வாங்குகிற மிஷின்கள் மாலையில் போர்வை போர்த்திக் கொண்டு தூங்கலாமா?

பெண் பிள்ளைகளை மறக்க வேண்டாம்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் இடம் நம் மாவட்டத்துக்கு. 91.75 சதவீதம். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல.

ஆனால் ஒர்க்ஷாப் இரவு 8½ மணி வரை திறந்து, பெண்கள் விடுதிக் கதவு 6½ மணிக்கே மூடினால்? அது ஆண்களுக்கு மட்டும் திறந்த ஒர்க்ஷாப். டீமில் பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்? ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை!

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2015-ம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விடுதிப் பெண்களுக்குப் போடக் கூடாது. விதி இருக்கிறது. நடப்பில் வர வேண்டும்.

வீட்டிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் கதை வேறு. "மக்களே, இருட்டும் முன்னே வந்திரு" என்று அம்மா சொல்லியனுப்புகிறாள். அவள் பயம் ஒர்க்ஷாப்பைப் பற்றி அல்ல, பஸ்சைப் பற்றி! கல்லூரி பஸ் 4½ மணிக்கே கிளம்பிவிட்டால், 8½ மணிக்குப் பிள்ளை எதில் வரும்? பஸ் இல்லாத திறப்பு பாதித் திறப்புதான்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லி என்ன பயன்? இதோ ஒரு யோசனை:

1. வாரத்தில் மூன்று நாள், மாலை 5 முதல் 8½ வரை ஒர்க்ஷாப் திறக்கட்டும். எழுத்தில் உத்தரவு போடட்டும்.

2. போர்மேன் வராமல் மெயின் சுவிட்ச் போடக் கூடாது. அவர் போனால் கரன்டும் போக வேண்டும். அவருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுங்கள். ஆள் இல்லை என்றால், போக்குவரத்துக் கழகத்திலும் மகேந்திரகிரியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். சந்தோஷமாக வருவார்கள்.

3. ஒற்றை ஆளாக யாரும் மிஷினைத் தொடக் கூடாது. எப்போதும் இரண்டு பேர்.

4. பஸ் ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம். லேத் ஓட்டவும் ஒரு கார்டு வேண்டும். போர்மேன் சோதித்துக் கையெழுத்துப் போட்ட கார்டு. கார்டு இல்லாதவன் மிஷின் பக்கம் போகக் கூடாது.

5. தொளதொள சட்டை, துப்பட்டா, செருப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாம் வாசலோடு நிற்கட்டும். நீண்ட முடியைக் கட்டி உள்ளே செருக வேண்டும். லேத்தில் கையுறையும் கூடாது. அதுவும் சிக்கி இழுக்கும்.

6. கடைசி அரை மணி நேரம் மிஷின் ஓடக் கூடாது. கூட்டிப் பெருக்கி, கருவிகளை எண்ணி வைக்கட்டும். களைத்த கையில்தான் விபத்து வரும்.

7. 8¾ மணிக்கு ஒரு கல்லூரி பஸ். வடசேரிக்கு ஒன்று, தக்கலைக்கு ஒன்று என்று ஊருக்குத் தக்கபடி விடட்டும். விடுதிப் பெண்களுக்கு ஒர்க்ஷாப் ரிஜிஸ்டரே அனுமதிச் சீட்டாக இருக்கட்டும்.

8. முதலுதவிப் பெட்டி, டெலிபோன், மாணவருக்கு விபத்துக் காப்பீடு மூன்றும் கட்டாயம்.

கோணத்துக்கு இன்னொரு யோசனை. டிராயிங் போடத் தெரிந்த பையன் பொறியியல் கல்லூரியில். பற்ற வைக்கத் தெரிந்த பையன் ஐ.டி.ஐ.யில். நடுவில் பாலிடெக்னிக். மூவரும் ஒரே ஊரில் படிக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை மூன்று பேரும் ஒரே ஒர்க்ஷாப்பில் நிற்கட்டுமே! பி.இ. படிக்கிற பையனுக்குக் கைவேலை வரும். ஐ.டி.ஐ. பையனுக்குக் கணக்கு வரும். நாளைக்கு ஒரே கம்பெனியில் ஒருவர் மேலதிகாரி, ஒருவர் தொழிலாளி என்று நிற்கும்போது மரியாதையும் வரும்.

இதில் நமக்கு என்ன?

"கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் என்ன?" என்று கேட்கிறீர்களா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. நம் மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் இருந்து செல்போன் எட்டாத தூரம். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் சேதி சொல்லும் கருவிகள் மீனவர் கைக்கு வரத் தொடங்கின.

அந்த மாதிரிக் கருவியைச் செய்ய, பழுதானால் சரி பண்ண, வள்ளத்து என்ஜினைத் திருத்த, ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினை நல்லபடியாக்க ஆள் எங்கிருந்து வரும்? இதே பிள்ளைகள்தான். புஸ்தகத்தில் லேத் படம் பார்த்துப் பாஸ் பண்ணிய பிள்ளை சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகும். கையில் எண்ணெய் பட்டுப் படித்த பிள்ளைக்கு உள்ளூரிலேயே ஒரு பட்டறை போடவும் தைரியம் வரும்.

கல்லூரி முதல்வர்களே! நிர்வாகத்தினரே! அண்ணா பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்வித் துறையும் இதில் ஒரு பொது விதி செய்ய வேண்டும். மாவட்ட கலெக்டர் எல்லாக் கல்லூரிகளையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேச வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்காமல், "ஒர்க்ஷாப் எத்தனை மணி வரை?" என்றும் நீங்கள் கேளுங்கள்.

பூட்டைத் திறக்கச் சாவி மட்டும் போதாது. சாவியோடு ஒரு போர்மேனையும், ஒரு பஸ்சையும் அனுப்புங்கள்!